‘விரைவில்’ என்கிற என் தங்கையின் கடை

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் உள்ளத்தில் ஊற்றெடுத்து வந்ததல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட கை காய்வதற்குள் மூண்ட வாய்ச்சண்டையில் பிறந்தது. சண்டை எனக்கும் என் தங்கைக்கும். நடுவர் என் மனைவி.

என் தங்கை பை தைப்பவள். முதுகுப்பை, தோள்பை, அலுவலகப் பை, எல்லாம். ஒரு பைத் தொழிற்சாலையில் நெடுநாள் வேலை பார்த்தவள், அதை விட்டுவிட்டு, சொந்தக் கடை போடுவதாக எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஓர் இடத்தை வாடகைக்குப் பிடித்தாள். ஷட்டரில் ஒரு துணிப் பதாகை கட்டினாள். ‘பைகள், சொந்தத் தயாரிப்பு, விரைவில் திறக்கப்படும்’ என்று பல வண்ணத்தில் எழுதியிருந்தது. வெயில் முதலில் சிவப்பைத் தின்றது, பிறகு பச்சையை. கறுப்பில் எழுதிய ‘விரைவில்’ மட்டும் அசையாமல் நின்றது. தெருவே அவளுக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டது. “விரைவில் இப்பதான் வீட்டுக்குப் போனாங்க” என்று பக்கத்து சலூன்காரர் என்னிடமே சொல்லியிருக்கிறார்.

அந்த ஞாயிறு நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. “எப்பதான் திறக்கப் போற?” என்று கேட்டுவிட்டேன்.

“அதைக் கேக்க நீ யாரு? நீ ஆரம்பிச்ச கதை ஏதாவது ஒண்ணு முடிஞ்சிருக்கா? ஒரே ஒரு கதையை முடிச்சுக் காட்டு. அன்னைக்கு நான் ஷட்டரைத் தூக்கறேன்.”

“பந்தயமா?”

“பந்தயம்தான். அண்ணி, நீங்க சாட்சி.”

என் மனைவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “ரெண்டு பேருக்கும் நல்ல வசதி” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தட்டுகளை எடுத்தாள். அவள் சொன்னதன் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை. பாத்திரம் துலக்கும்போதுதான் விளங்கியது. உலகத்தில் எது ஒருநாளும் நடக்காதோ, அதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, தன் கடையை அதோடு முடிச்சுப் போட்டிருக்கிறாள் என் தங்கை. நானும் ஆனந்தமாகத் தலையாட்டியிருக்கிறேன்.

(இடையில் ஒரு குறிப்பு: இந்தக் கதைக்கு ஏன் எண்கள் என்று கேட்பீர்கள். வீட்டுச் சாமான்களோடு வரும் செயல்முறைக் கையேடுகளை எழுதுவது என் பிழைப்பு. ‘மின் இணைப்பைத் துண்டித்த பிறகே மூடியைத் திறக்கவும்’ போன்ற அமர வரிகள் என்னுடையவை. எண் போடாமல் எழுத எனக்குக் கை வராது.)

2

பந்தயம் என்று வந்தபின் விடக்கூடாது என்று உட்கார்ந்தேன். தொடக்கங்களைப் பாருங்கள்.

மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. அவள் மூடிய ஷட்டரின் முன்னால் தனியாக நின்று

[கைவிட்டேன். மழையே பெய்யவில்லை. கதை எழுதுகிறவர்களுக்கு மட்டும் எங்கிருந்துதான் இவ்வளவு மழை கிடைக்கிறதோ.]

தள்ளிப்போடுதல் என்பது மனித மனத்தின் ஆழத்தில் உறைந்திருக்கும் ஓர் அச்சத்தின்

[இது கதை இல்லை, மேடைப் பேச்சு. முதல் வரியிலேயே ஒருவர் கொட்டாவி விடுவது தெரிகிறது.]

விரைவில் என்று பெயர் வாங்கிய ஒருத்தி உலகத்திலேயே மிக மெதுவாக

[சிரிப்பு வருகிறது. ஆனால் அவளை நோகடித்துக் கிடைக்கிற சிரிப்பு. பிறகு பார்க்கலாம்.]

‘பிறகு பார்க்கலாம்’ என்று எழுதியதும் எனக்கே சுருக்கென்றது. எழுந்துபோய் மேசையைத் துடைத்தேன். எழுத்துரு சரியில்லை என்று மாற்றினேன். முதுகு வலிக்கிறதென்று கடைக்குப் போய்ப் புது நாற்காலி வாங்கி வந்தேன். நாற்காலியோடு வந்த கையேட்டில் இரண்டு பிழைகள் கண்டுபிடித்துத் திருத்தினேன்.

“கதைக்கு நாற்காலி வாங்கியாச்சு” என்றாள் மனைவி. “கதையை எப்ப வாங்கப் போறீங்க?”

3

சரி, எழுதப் போகிற இடத்தையாவது ஒழுங்காகப் பார்ப்போம் என்று கடைக்குப் போனேன். ஷட்டர் மூடியிருந்தாலும் பக்கவாட்டில் ஒரு கதவு உண்டு. உள்ளே தையல் இயந்திரம், வெட்டும் மேசை, ஜிப் சுருள்கள், வார் சுருள்கள். சுவர் முழுக்க ஆணியில் பைகள் தொங்கின. எனக்குப் பகீரென்றது. கடை எப்போதோ தயாராகியிருந்தது.

அருகே போனதும் அதைக் கவனித்தேன். ஒவ்வொரு பையிலும் சாக்பீஸால் வட்டங்கள். தோள் வார் சேரும் இடத்தில் ஒன்று, ஜிப்பின் முனையில் ஒன்று, அடித்தளத்தின் மூலையில் ஒன்று.

“யாரு போட்டது இது?”

“நான்தான்.”

“இதுல என்ன தப்பு?” ஒரு வட்டத்துக்குள் மூக்கை நுழைத்துப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

“பாத்துக்கிட்டே இருந்தா தெரியும்” என்றாள்.

இந்த இடத்தில் கதையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். தொழிற்சாலையில் அவள் இருந்தது சாம்பிள் ரூமில். விற்பனைக்குப் போகிற பைகள் அங்கே தைக்கப்படுவதில்லை. புதிய வகை ஒன்றுக்கு முதல் மாதிரியைத் தைத்து, வாங்கப் போகிற நிறுவனத்து ஆளின் மேசையில் வைப்பார்கள். அவர் குறைகளைச் சாக்பீஸால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்புவார். பிரித்துத் தைத்து அனுப்பினால் வேறு இடத்தில் வட்டம் வரும். மறுபடி பிரிக்க வேண்டும். ஒரு நாள் வட்டமே இல்லாமல், கைப்பிடியில் ஓர் அப்ரூவல் அட்டை கட்டப்பட்டுத் திரும்பி வரும். அத்தோடு அந்த மாதிரிப் பை ஒரு கண்ணாடி அலமாரிக்குள் போய்விடும். மற்றவர்கள் அதைப் பார்த்து ஆயிரக்கணக்கில் தைப்பார்கள்.

‘போதும்’ என்கிற வார்த்தையை அவள் அங்கே வேலை பார்த்த காலத்தில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அதைச் சொல்ல வேறொருவர் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். இப்போது சொந்தக் கடையில் வட்டம் போடும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். அட்டை கட்ட மட்டும் ஆள் இல்லை.

போதாக்குறைக்கு, யாரிடம் பையைக் காட்டினாலும் அவர்கள் சொன்னதைக் கேட்டு ஓர் அறை சேர்த்திருக்கிறாள். குடைக்கு ஓர் அறை வேண்டுமென்றது என் மனைவி. சீப்புக்கு வேண்டுமென்றது சலூன்காரர். பேனாவுக்கு வேண்டுமென்ற புண்ணியவான் நான்தான். ஒன்றுமே வைக்காத ஒரு பையைத் தூக்கினேன், தோள் இறங்கியது.

“எதுக்கு வேலையை விட்ட நீ?” என்று கேட்டேன். கோபத்தில்தான் கேட்டேன், ஆனால் அவள் நிதானமாகப் பதில் சொன்னாள்.

“சாம்பிள் ரூம்ல தச்ச பை எதுவும் யார் தோள்லயும் ஏறாதுண்ணா. அலமாரிக்குத்தான் போகும். நான் தச்ச பையை முன்பின் தெரியாத ஒருத்தர் மாட்டிக்கிட்டுத் தெருவுல நடந்து போகணும். நான் அதைப் பாக்கணும். அவ்வளவுதான்.”

4

கதை என்றால் ஒரு வில்லன் வேண்டுமே என்று கடையை வாடகைக்கு விட்ட கட்டடக்காரரை வில்லனாக எழுதிப் பார்த்தேன். குரலை உயர்த்தினேன். கண்ணைச் சிவக்க வைத்தேன். மீசைகூட வைத்தேன், ஒட்டவில்லை. அவர் உண்மையில் நல்ல மனிதர். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

பக்கக் கதவைத் தட்டிவிட்டு, செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார். நானும் அங்கேதான் இருந்தேன்.

“வாடகை ஒழுங்கா வருதும்மா, அதுல நான் குறை சொல்ல மாட்டேன்” என்றார். “ஆனா மூடின ஷட்டர் பக்கத்துக் கடைக்காரங்களையும் சேத்து அடிக்குது. இந்தப் பக்கம் ஆள் நடமாட்டமே குறையுதுன்னு எல்லாரும் எங்கிட்ட வந்து நிக்கிறாங்க. போன் கவர் விக்கிறவர் ஒருத்தர் இடம் கேக்கிறார். இந்த மாசக் கடைசிக்குள்ள நீ திறந்துட்டா இடம் உனக்குத்தான். இல்லேன்னா அவருக்குச் சரின்னு சொல்லிடுவேன். தப்பா எடுத்துக்காத.”

“இல்ல சார். நீங்க சொல்றது நியாயம்தான்.”

அவர் போனபிறகு அவள் வார் சுருள் ஒன்றை எடுத்து, பிரித்து, மறுபடி சுற்றினாள். அன்று மாலை என் மனைவியிடம்தான் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். பழைய சூப்பர்வைசர் போன் செய்தாராம். சாம்பிள் ரூமில் அவளுடைய இயந்திரத்துக்கு இன்னும் ஆள் போடவில்லையாம்.

“போயிடலாம்னு இருக்கேன் அண்ணி. அங்கன்னா எனக்கு எல்லாம் தெரியும்.”

இதைக் கேட்டு நான் பயந்தேன். கதைக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே பயந்தேன். போனால் திரும்பி வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அங்கே ஓய்வு பெறும்வரை நல்ல பெயரோடு இருப்பாள், அவள் தைத்த ஒரு பைகூடத் தெருவுக்கு வராது. பந்தயத்தில் என் பங்கு வேலை பாக்கி இருந்தது. அன்றிரவு படுக்காமல் எழுதினேன் என்று சொன்னால் அழகாக இருக்கும். படுத்துவிட்டேன். ஆனால் மறுநாள் காலை அலுவலகத்துக்குக் கிளம்பும் முன் எழுதினேன், அதற்கடுத்த காலையும் எழுதினேன். அதிகம் இல்லை, ஒரு நாளைக்கு ஒரு பக்கம்.

5

நான்காம் பகுதிவரை எழுதியதும் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். அந்த வடிவத்தில், கட்டடக்காரர் போனபின் அவள் சுவரோடு சாய்ந்து குமுறி அழுவாள். கண்ணீர் ஒரு பையின் மேல் சொட்டும். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

அவள் வெட்டும் மேசையில் தாள்களைப் பரப்பினாள். துணியில் கோடு போடும் பென்சிலை எடுத்தாள். பழக்க தோஷம், வட்டம் போட ஆரம்பித்தாள்.

“நான் எப்பண்ணா அழுதேன்?”

“கதைக்கு வேணும்.”

“எனக்கு வேண்டாம். அதுவும் பை மேல அழுவேனா? கறை படிஞ்சா எவன் வாங்குவான்?” வட்டம். “இந்த மழை எதுக்கு, பெய்யவே இல்லையே?” வட்டம். “இது என்ன, அடைப்புக்குறிக்குள்ள அடைப்புக்குறி?” வட்டம்.

கடைசித் தாளை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“உன் கதையும் என் பை மாதிரிதான் இருக்கு. அறை அறையா தச்சு வச்சிருக்க. உள்ள வைக்கத்தான் ஒண்ணும் இல்ல.”

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சொன்னது சரி என்பதால் இன்னும் அதிகமாக வந்தது. சுவரிலிருந்து ஒரு பையைக் கழற்றினேன். என் கையில் இருந்த டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், கண்ணாடிக் கூடு, சாவி எல்லாவற்றையும் அதில் போட்டேன். ஈரத்துணியால் வட்டங்களை ஒவ்வொன்றாகத் துடைத்தேன்.

“ஏய், வை அதை! அது இன்னும் முடியல!”

“எனக்கு முடிஞ்சிருச்சு” என்று தோளில் மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு நடந்தேன்.

தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். பக்கக் கதவில் நின்றுகொண்டிருந்தாள். கோபம் முகத்தில் அப்படியே இருந்தது, ஆனால் கண் பையைவிட்டு நகரவில்லை.

6

[இந்தப் பகுதியில் என் அலுவலகத்தை வருணித்து ஒரு நீண்ட பத்தி இருந்தது. ஓர் அறையைக் குறைத்திருக்கிறேன்.]

மாலையில் வீடு திரும்பியதும் சாவியைக் காணோம். குடை அறையில் பார்த்தேன். சீப்பு அறையில் பார்த்தேன். பேனா அறையில், அதற்குப் பின்னால் இருந்த ரகசிய அறையில், அந்த ரகசிய அறையின் உள் ஜிப்பில் பார்த்தேன். வாசலில் உட்கார்ந்து பையைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். சாவி எங்கேயோ உள்ளே கலகலவென்று சத்தம் போட்டதே தவிர வெளியே வரவில்லை. கடைசியில் பையோடு கடைக்கே போனேன்.

“வார் எப்படி இருந்துச்சு?” என்று கதவிலேயே கேட்டாள். “தையல் விட்டுச்சா? ஜிப் மாட்டுச்சா?”

“எல்லாம் நல்லா இருந்துச்சு. நீ வட்டம் போட்ட எந்த இடத்துலயும் ஒரு பிரச்சினையும் இல்ல. என் வீட்டுச் சாவியைத்தான் உன் பை முழுங்கிடுச்சு.”

அவளும் தேடினாள். தைத்தவளுக்கே கிடைக்க நேரமாயிற்று. சாவி கைக்கு வந்ததும் முதலில் முறைத்தாள், பிறகு சிரித்தாள். வெகுநாள் கழித்து அவள் அப்படிச் சிரித்துப் பார்த்தேன். பார்த்துப் பார்த்துப் போட்ட வட்டமெல்லாம் வீண். பையில் இருந்த ஒரே குறை, யாராவது மாட்டிக்கொண்டு போனால்தான் தெரிகிற குறை.

தையல் பிரிக்கிற பிரிப்பூசியை எடுத்தாள். சீப்பு அறை போயிற்று. ரகசிய அறை போயிற்று. என் பேனா அறையும் போயிற்று, நான் முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

“இதுவும் தள்ளிப்போடறதுதானே?” என்று சந்தேகத்தோடு கேட்டேன்.

“சேக்கறதுதான் தள்ளிப்போடறது. இது அது இல்ல” என்றாள் நூலைப் பல்லால் கடித்தபடி. “ஆனா ஒண்ணு சொல்லிடறேன். நீ மாட்டிக்கிட்டுப் போனது கணக்குல சேராது. நீ அண்ணன். குப்பைக் கூடையைக் குடுத்தாலும் மாட்டிக்கிட்டுத்தான் போகணும்.”

7

கையில் இருக்கும் முடிவுகளை உங்கள் முன் வைக்கிறேன்.

முதல் முடிவு: திறப்பு நாளில் தெருவே திரண்டு வருகிறது. எல்லாப் பையும் மாலைக்குள் தீர்ந்துவிடுகிறது. இதை எழுதும்போது எனக்கே கூச்சமாக இருந்தது. எங்கள் தெருவில் தண்ணீர் வரவில்லை என்றால்கூட அவ்வளவு பேர் திரளமாட்டார்கள்.

இரண்டாம் முடிவு: அவள் திறக்கவில்லை. மாதக் கடைசியில் ஷட்டர் மேலே போகிறது, உள்ளே போன் கவர்கள் தொங்குகின்றன. எதிர்ச்சாரியில் ஒருத்தி நின்று பார்த்துவிட்டு வேலைக்குப் பஸ் ஏறுகிறாள். இதை ஒரே மூச்சில் எழுதினேன். வாக்கியம் வாக்கியமாக நன்றாக வந்திருந்தது. நாலு பேர் பாராட்டுவார்கள் என்றும் தெரிந்தது. மனைவியிடம் கொடுத்தேன்.

அவள் படித்து முடித்துத் தாளைத் திருப்பித் தந்தாள். “நல்லா எழுதியிருக்கீங்க” என்றாள். “இது அவ படிச்சா என்ன பண்ணுவா?”

கிழித்தேன். தோற்றுப்போகிற முடிவுக்கு இலக்கியத்தில் மரியாதை அதிகம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் தோற்பது என் தங்கை. ஒரு நல்ல பத்திக்காக அவளை அந்தப் பஸ்ஸில் ஏற்ற எனக்கு மனமில்லை.

மூன்றாம் முடிவு: நான் இந்தக் கதையை முடிப்பதே இல்லை. இதற்கு எழுத்தே தேவையில்லை என்பதுதான் இதன் கவர்ச்சி.

8

இன்று மாதக் கடைசி. காலை வேளை. கடைக்கு வெளியே நடைபாதையில் ஒரு ஸ்டூலைப் போட்டு, மடியில் அட்டை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். ஷட்டர் முழங்கால் உயரத்துக்குத் தூக்கியிருக்கிறது. உள்ளே அவளுடைய கால்கள் மட்டும் தெரிகின்றன. அங்கும் இங்கும் நடக்கின்றன, நிற்கின்றன.

“முடிச்சிட்டியா?” என்கிறது ஷட்டர்.

“இன்னும் ஒரு பத்தி.”

“சீக்கிரம் எழுது. நீ முற்றுப்புள்ளி வச்சாத்தான் நான் தூக்குவேன்.”

பேனா அங்கேயே நின்றுவிட்டது. வட்டம் போட்டு அட்டை கட்ட மேசை முன் உட்கார்ந்திருந்த அந்த நிறுவனத்து ஆள் இப்போது யார் என்று எனக்கு உறைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டாகப் பந்தயம் கட்டி, அந்த நாற்காலியில் என்னைத் தூக்கி உட்கார வைத்திருக்கிறாள். என் முற்றுப்புள்ளிதான் அவளுக்கு அப்ரூவல் அட்டை. இன்று நான் கட்டிவிட்டால் நாளைக்கு வேறு யாரையாவது தேடுவாள்.

“நான் முடிக்க மாட்டேன்” என்றேன்.

கால்கள் நின்றன. ஷட்டருக்கு அடியில் அவள் தலை தலைகீழாக எட்டிப் பார்த்தது.

“என்ன சொன்ன?”

“பந்தயத்தை விட்டுடு. நான் முடிச்சாலும் முடிக்காட்டியும் நீ திற. கடை உன்னோடது. நான் யாரு உனக்கு அப்ரூவல் குடுக்க?”

கண் கலங்குவாள் என்று நினைத்தேன். நான் இன்னும் திருந்தவில்லை.

“ஏமாத்தாதண்ணா” என்றாள். “எனக்காக விட்டுக்குடுக்கிற மாதிரி பேசிட்டு, கதையை முடிக்காம நைசா நழுவப் பாக்கற. உன்னை எனக்குத் தெரியாதா?”

நான் மடியிலிருந்த தாளைச் சரிசெய்தேன்.

“சரி, பந்தயம் வேண்டாம்” என்றாள். “ஆனா எனக்கும் வேண்டாம், உனக்கும் வேண்டாம். நான் திறக்கிறது உனக்காக இல்ல. நீ முடிக்கிறதும் எனக்காக இருக்கக்கூடாது. சம்மதமா?”

“சம்மதம்.”

அந்த நேரத்தில் ஒரு பெண் நடைபாதையில் வந்து நின்றாள். அலுவலகத்துக்குக் கிளம்பிய தோற்றம். கையில் ஒரு துணிக் கட்டு, அதன் மேல் ஒரு கோப்பு, அதன் மேல் ஒரு தண்ணீர் பாட்டில், எல்லாவற்றையும் மோவாயால் அழுத்திப் பிடித்திருந்தாள். நான் அவளை இதற்குமுன் பார்த்ததில்லை. முழங்கால்வரை தூக்கிய ஷட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“கடை திறந்திருக்குங்களா?”

என் வாய்வரை பதில் வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். உள்ளே கால்கள் அசையவில்லை. பாட்டில் மெல்ல நழுவியது, அந்தப் பெண் மோவாயை இன்னும் அழுத்தினாள்.

“திறந்திருக்கு” என்றாள் என் தங்கை உள்ளேயிருந்து. “உள்ள வாங்க.”

ஷட்டர் பெருஞ்சத்தத்தோடு மேலே போயிற்று. சலூன்காரர் கத்தரிக்கோலோடு வெளியே ஓடிவந்து பார்த்தார். அந்தப் பெண் என்னைத் தாண்டி உள்ளே போய்விட்டாள்.

இப்போது என் முதுகுக்குப் பின்னால் பேச்சுக் குரல் கேட்கிறது. ஜிப் ஒன்று திறக்கிறது, மூடுகிறது. “இதுல சாவி எங்க வைக்கிறது?” என்று அந்தப் பெண் கேட்கிறாள். என் தங்கை சொல்லும் பதில், போகிற ஒரு வண்டிச் சத்தத்தில் அமுங்கிவிட்டது. எழுந்துபோய் என்ன ஆயிற்று என்று பார்க்க எனக்கு உடம்பெல்லாம் பரபரக்கிறது. எழுந்தால் ‘வந்து எழுதிக்கொள்ளலாம்’ என்று தோன்றும். வந்து எழுதமாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

ஆகவே நான் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. காலடிச் சத்தம் வாசலை நோக்கி வருகிறது. அந்தப் பெண் கையில் பழையபடி சாமான்களை அடுக்கிக்கொண்டு போகிறாளா, தோளில் ஒரு பையோடு போகிறாளா என்பதை, தெருவில் நிற்கிற நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். என் தங்கையும் வாசலுக்கு வந்து பார்த்துக்கொண்டிருப்பாள். நான் தலை குனிந்து இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதி முடிக்கிறேன்.